சென்னை–லண்டன்: தூரமும் நேரமும் நாமே கணக்கிடலாம்

சென்னையிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம்? சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் ஸ்கேலை வைத்து அளக்காதீர்கள். உருண்டையைத் தட்டையாக்கியதில் வடக்குப் பகுதி வீங்கிப் போயிருக்கும், அளவு பொய்க்கும். பிள்ளைகளின் பூகோள உருண்டையை எடுங்கள். இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அதுதான் மிகக் குறுகிய வழி. அதே நூலை நிலநடுக்கோட்டின் மேல் வைத்து, எத்தனை டிகிரி நீளம் என்று பாருங்கள். சுமார் 74 வரும். டிகிரிக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால் ஏறக்குறைய 8,200 கி.மீ.

பள்ளிக் கணக்கு மறக்காதவர்களுக்கு நூல்கூட வேண்டாம். சென்னை விமான நிலையம் 13 டிகிரி வடக்கு, 80.2 கிழக்கு, ஹீத்ரோ 51.5 வடக்கு, 0.5 மேற்கு. அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கிக்கொள்ளுங்கள். அவற்றின் கொசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசமான 80.7-இன் கொசைனையும் தனியே பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி, அது எந்தக் கோணத்தின் கொசைன் என்று பார்த்தால் அதே 74.

அடுத்தது நேரம். ஜெட் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 900 கி.மீ. பறக்கும். வகுத்தால் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக, ஏற, இறங்க என்று அரை மணி முதல் முக்கால் மணி நேரம் சேருங்கள்.

இனிமேல்தான் காற்று புகுந்து கணக்கைக் கலைக்கும். பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் வேகம் இன்னும் கூடும். லண்டன் போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளிவிடும். அதனால் போக்குக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். வான்வெளித் தடைகளும் உண்டு. 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் மேலே பயணிகள் விமானம் பறப்பதில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வழியை அடைத்தது. சுற்றிப் போனால் நேரம் நீளாமல் என்ன செய்யும்?

டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். காலை 5.30-க்குக் கிளம்பி 10.45-க்கு இறங்குவதாக இருந்தால், ஐந்தேகால் மணி நேரம் என்று மகிழ வேண்டாம். குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதைக் கூட்டினால் 10 மணி 45 நிமிடம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி மட்டும் கூட்டுங்கள்.

துபாய் வழியாகப் போனால் ரொம்பச் சுற்றோ? சென்னை–துபாய் சுமார் 2,930 கி.மீ., துபாய்–லண்டன் சுமார் 5,500. நேர்வழியைவிட இருநூறு கி.மீ. சொச்சம்தான் அதிகம். நேரத்தைத் தின்பது நடுவில் காத்திருப்பது. இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளி ஓட வைக்கும். ஏழெட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார வைக்கும் டிக்கெட் மலிவாகக் கிடைத்தால், முதுகுவலிக்காரர்கள் யோசித்து வாங்குங்கள்.