அலாரம் அடிக்காத சுண்டெலி

"புண்ணு செப்டிக் ஆயிடுச்சு" என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் அப்பாயி காலில் முள் குத்தியது. இரண்டு நாளில் குளிர்காய்ச்சல், நான்காம் நாள் நினைவு தப்பியது. ஆஸ்பத்திரிக்குப் போன அப்பாயி திரும்பவில்லை. "ரத்தத்துல விஷம் ஏறிடுச்சு" என்று அப்பா இன்றும் சொல்வார். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். எலக்ட்ரானிக்ஸ் மாணவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். அந்த விஷம் என்னவென்று தேடினேன்.

ஈ-கோலை, சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் எல்.பி.எஸ். என்றொரு பொருள் உண்டு. அதை மட்டும் பிரித்தெடுத்து அதிக அளவில் சுண்டெலிக்கு ஊசி போட்டால், உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லாமலே எலி செத்துவிடும்! அப்போ கொன்றது யார்? எலியின் சொந்த வெள்ளணுக்கள்தான். எல்.பி.எஸ்.ஸைக் கண்டதும் அவை டி.என்.எஃப். என்ற புரதத்தை வெளியிடுகின்றன. இதுதான் அலாரம். புண் இருக்கும் இடத்தில் மட்டும் அடித்தால் நல்லது. அங்கே ரத்தக்குழாய் கொஞ்சம் கசிந்து, காவல் அணுக்கள் வந்து சேரும். உடம்பு முழுக்க அடித்தால் எல்லாக் குழாய்களும் கசியும், ரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் நின்றுபோகும். 1985-ல் அமெரிக்காவில் பாய்ட்லர், செராமி குழுவினர் டி.என்.எஃப்.பைத் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது பல எலிகள் பிழைத்தன.

சி3எச்-ஹெச்இஜே என்று ஓர் எலி வம்சம். எவ்வளவு எல்.பி.எஸ். போட்டாலும் அசையாது. அடேயப்பா, அதிர்ஷ்டசாலி என்று நினைத்தேன். ஆனால் உயிருள்ள சால்மோனெல்லாவைச் செலுத்தினால், மற்ற எலிகள் சமாளிக்கும் அளவிலேயே இது செத்துப்போகும். அதற்கு அலாரமே அடிப்பதில்லை! 1998-ல் டல்லாஸில் பாய்ட்லர் குழு பழுதைக் கண்டுபிடித்தது. டி.எல்.ஆர்.4 என்ற உணர்வி, அதாவது நம்ம பாஷையில் சென்சார். அதில் 712-வது அமினோ அமிலம் மட்டும் மாறியிருந்தது. ஒரே ஒரு காம்போனென்ட்! 1996-ல் பழ ஈயில் இதன் உறவான டோல் மரபணுவின் வேலையைக் காட்டியவர் ஹாஃப்மன். இருவருக்கும் 2011-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் மனிதனுக்கும் அலாரத்தை அணைத்துவிடலாமே? செய்து பார்த்தார்கள். டி.எல்.ஆர்.4-ஐ அடைக்கும் எரிடோரான் மருந்தை ஏறத்தாழ 2,000 நோயாளிகளிடம் சோதித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு குறையவில்லை. பரிசோதனைக் கூடத்தில் மருந்து முதலில், கிருமி பிறகு. நோயாளியோ மணி அடித்துப் பல மணி நேரம் கழித்துத்தான் வருகிறார். மேலும் சுண்டெலி தாங்கும் எல்.பி.எஸ். மிக அதிகம். நமக்கு எடையில் கிலோவுக்குச் சில நானோகிராமே காய்ச்சலுக்குப் போதும்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். "அப்போ அந்த மணிய நிறுத்தியிருந்தா ஆத்தா பொழைச்சிருக்குமாப்பா?" என்றார்.

"அப்படிச் சொல்ல முடியாதுப்பா. அது இல்லன்னா கிருமி ஜெயிச்சிடும். குளிரு நடுக்கம், மூச்சு வாங்குறது, பேச்சு குழறுறது, ஒண்ணுக்கு கம்மியாப் போறது, இதைப் பார்த்த உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். ஆன்டிபயாடிக்கும் டிரிப்ஸும் சீக்கிரம் ஏறணும். மணிக்கணக்குத்தான் முக்கியம்."

"நாம மூணு நாளு வீட்டுலயே வச்சிருந்தோம்" என்றார் அப்பா.