கோப்புக்குத் தனி வழி

அன்புள்ள செல்விக்கு,

நீ சிவகாசி ஆப்செட் அச்சகத்தில் சிஸ்டம் வேலையில் சேர்ந்தது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆடிப்பெருக்கன்று புது காலண்டர் ஆல்பம் வந்துவிட்டால் அப்புறம் மார்கழி வரை அங்கே யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. அதற்குள் உன் கேள்விக்குப் பதில் எழுதிவிடுகிறேன்.

பிளேட் போடும் சிடிபி சர்வருக்குள் கம்பெனி இன்ஜினியர் வெளியூரிலிருந்தே அட்மின் கணக்கில் நுழைகிறார். அப்டேட் கோப்பை உள்ளே போடவும் வேண்டும், பிழைப் பதிவை வெளியே எடுக்கவும் வேண்டும். எப்படி அமைப்பது என்று கேட்டிருந்தாய். சர்வரை இயக்குகிற உரிமை வேறு, கோப்பைக் கொண்டுபோகிற உரிமை வேறு. முதலில் இதைப் பிரித்துக்கொள். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையையும் செலுத்தும் அறையையும் ஏன் தள்ளித் தள்ளிக் கட்டுகிறார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரித்தால் என்ன, பிரிக்காவிட்டால் என்ன என்பதற்குக் கூடங்குளம் அணுமின் நிலையத்தையே பார். அங்கே கணினியில் வேவு நிரல் புகுந்ததை 2019 செப்டம்பர் 4 அன்று, நாட்டின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தெரிவித்தது. முதலில் மறுப்பு வந்தது. அக்டோபர் 30 அன்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. தாக்கப்பட்டது இணையத்தோடு இணைந்த நிர்வாகக் கணினி. உலையை இயக்கும் அமைப்பு தனியே இருந்ததால் அது தப்பியது. 'டிட்ராக்' என்ற அந்த நிரலைப் பிரித்துப் பார்த்தவர்கள், நிலையத்து அட்மின் கணக்கும் கடவுச்சொல்லும் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருந்ததைக் கண்டார்கள். திரட்டிய தகவலை அதே கணக்கின் பெயரில் இன்னொரு கணினியின் சி டிரைவுக்கு நகலெடுக்கும் கட்டளையும் கூடவே இருந்தது. அட்மின் என்றால் எந்த டிரைவும் திறக்கும். கள்ளன் பூட்டை உடைக்க வேண்டிய வேலையே இல்லை.

ஆகவே கடவுச்சொல்லை இன்ஜினியர் கையில் கொடுக்காதே. அட்மின் கணக்குகளைக் காக்கும் பிஏஎம் மென்பொருளின் பெட்டகத்தில் இருக்கட்டும். செஷன் திறக்கும்போது அதுவே செலுத்திக்கொள்ளும், முடிந்ததும் மாற்றிவிடும்படி வை. கோப்புப் பரிமாற்றத்தை எல்லோருக்கும் அணைத்துவிடு. கேட்டால், மேலே இருப்பவர் ஒப்புதல் தந்தால், அந்த ஒரு செஷனுக்கு மட்டும் திற. உள்ளே போடுவதற்கு ஓர் அனுமதி, வெளியே எடுப்பதற்கு வேறோர் அனுமதி. பல இடங்களில் இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள், வெறும் சோம்பல்தான். ரிமோட் டெஸ்க்டாப்பில் டிரைவ் பகிர்வையும் கிளிப்போர்டையும் மூட மறக்காதே. அவை திறந்திருந்தால் காப்பி, பேஸ்ட் செய்தே கோப்பு வெளியே போய்விடும்.

வருகிற கோப்பு நேராக சர்வரில் இறங்கக் கூடாது. இடையில் ஒரு லினக்ஸ் கணினியை வைத்து, கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபி கணக்கை ஒரே ஃபோல்டருக்குள் அடைத்துவிடு. ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் 'ச்ரூட்டைரக்டரி' என்ற அமைப்பு இதற்குத்தான். அந்த ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தமாயிருக்க வேண்டும், வேறு யாரும் அதில் எழுத முடியக் கூடாது. இல்லையென்றால் இணைப்பு உடனே அறுந்துவிடும். புதிதாகச் செய்பவர்கள் காரணம் புரியாமல் பாதி நாளைத் தொலைப்பது இங்கேதான். எழுதுவதற்கு உள்ளே ஒரு துணை ஃபோல்டர் போட்டு, அதை மட்டும் அந்தக் கணக்குக்குக் கொடு. வைரஸ் சோதனை முடிந்து, ஷா-256 சரிபார்ப்பு எண்ணும் ஒத்துப்போன பிறகே கோப்பை சர்வருக்கு நகர்த்து. அந்த எண்ணைக் கம்பெனியிடம் வேறு வழியில் வாங்கு. கோப்போடு சேர்ந்து வருகிற எண்ணால் பிரயோஜனமில்லை.

பிஏஎம் வாங்கிவிட்டோம் என்று முதலாளி நிம்மதியாகிவிடுவார். நீ ஆகாதே. அமெரிக்க நிதித்துறைக் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், பிஏஎம் மென்பொருள் விற்கும் பியாண்ட்டிரஸ்ட் நிறுவனத்தின் ரிமோட் சேவைச் சாவி ஒன்றைத் திருடித்தான் நுழைந்தார்கள் என்று 2024 டிசம்பரில் தெரியவந்தது. பிஏஎம் மென்பொருளுக்கு வரும் அப்டேட்டையும் தள்ளிப்போடாதே.

யார், எந்தக் கோப்பை, எப்போது நகர்த்தினார் என்ற பதிவு 180 நாள் இருக்க வேண்டும். தாக்குதல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும். இரண்டும் செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 தேதியிட்டுப் போட்ட உத்தரவில் உள்ளவை.

சீசன் தொடங்குமுன் நீயே இன்ஜினியர் கணக்கில் நுழைந்து, அனுமதி வாங்காமல் ஒரு கோப்பை வெளியே எடுத்துப் பார். வந்துவிட்டால் உடனே எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
மாமா