தோல் ஆலையும் ஹார்மோனிக் ஃபில்டரும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பகுதித் தோல் ஆலைகளில் பதனிடும் டிரம்களும் கழிவுநீர் சுத்திகரிப்பின் ஆர்.ஓ. பம்புகளும் வி.எஃப்.டி. எனும் வேகக்கட்டுப்பாட்டு டிரைவ் வழியாக ஓடும்போது, ஆறு டயோடு கொண்ட டிரைவ் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்துடன் அதன் 5, 7, 11, 13 மடங்கு அதிர்வெண்களிலும் மின்னோட்டத்தை இழுக்கிறது. ஹார்மோனிக் எனப்படும் இந்த மடங்கு மின்னோட்டங்களைக் குறைக்க, ரியாக்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்த பாசிவ் ஃபில்டர் மலிவான வழி.

நம்பிக்கை: பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டரே போதும்.

உண்மை: வெறும் கெப்பாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மரின் இண்டக்டன்ஸோடு ஒத்ததிர்வில் சிக்கலாம். 5% இம்பிடன்ஸ் உள்ள 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் குறுக்குச்சுற்றுத் திறன் சுமார் 20,000 கே.வி.ஏ. அதனுடன் 400 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டரை இணைத்தால் விகிதம் 50. ஒத்ததிர்வு நிகழும் மடங்கான அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 7. ஏழாம் ஹார்மோனிக் அடங்குவதற்குப் பதில் பல மடங்கு பெருகும். ஃப்யூஸ் போகும், கெப்பாசிட்டர் உப்பும்.

நம்பிக்கை: ஐந்தாம் ஹார்மோனிக் ஃபில்டரை 250 ஹெர்ட்ஸுக்கே ட்யூன் செய்ய வேண்டும்.

உண்மை: சற்றுக் கீழே, 4.7 மடங்கில், அதாவது 235 ஹெர்ட்ஸில் வைப்பதே வழக்கம். கெப்பாசிட்டர் பழசாகும்போது கெப்பாசிட்டன்ஸ் குறைந்து ட்யூன் அதிர்வெண் மேலே நகரும். அது 250ஐத் தாண்டினால், ட்யூன் புள்ளிக்குக் கீழே உள்ள இணை ஒத்ததிர்வு 250ஐ நெருங்கும். ரியாக்டர் தொடராக இருப்பதால் கெப்பாசிட்டரின் மின்னழுத்தமும் ஏறும். 415 வோல்ட் கட்டமைப்பில் 480 அல்லது 525 வோல்ட் கெப்பாசிட்டரைத் தேர்வதன் காரணம் இதுவே.

நம்பிக்கை: 7% ரியாக்டர் எங்கும் பொருந்தும்.

உண்மை: கெப்பாசிட்டரின் ரியாக்டன்ஸில் 7% அளவுள்ள அந்த ரியாக்டரின் ட்யூன் புள்ளி 189 ஹெர்ட்ஸ். ஐந்தாம் ஹார்மோனிக்கிலிருந்து கெப்பாசிட்டரைக் காக்கும். 150 ஹெர்ட்ஸில் உள்ள மூன்றாம் ஹார்மோனிக்கைப் பெருக்கக்கூடும். இப்பகுதியின் ஊடே செல்லும் ரயில் பாதை 25 கே.வி. ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தில் இயங்குகிறது. டபிள்யூ.ஏ.ஜி.-7 போன்ற டயோடு எஞ்சின்கள் மூன்றாம் ஹார்மோனிக்கையும் உண்டாக்குகின்றன, டபிள்யூ.ஏ.ஜி.-9 போன்ற மூன்று ஃபேஸ் எஞ்சின்களில் இது மிகக் குறைவு. ரயில் சுமை இரு ஃபேஸ்களுக்கு இடையே எடுக்கப்படுவதால், டிரான்ஸ்ஃபார்மரின் டெல்டா இணைப்பு மூன்றாம் ஹார்மோனிக் ஆலைக்கு வருவதைத் தடுக்காது. அளந்து பார்த்து மூன்றாம் ஹார்மோனிக் கணிசமாக இருந்தால் 134 ஹெர்ட்ஸில் ட்யூன் ஆகும் 14% ரியாக்டரே பொருத்தம்.

நம்பிக்கை: ஃபில்டர் சொந்த ஆலையின் ஹார்மோனிக்கை மட்டும் இழுக்கும்.

உண்மை: ட்யூன் அதிர்வெண்ணில் அது எளிய பாதை, அக்கம்பக்க ஆலைகளின் ஹார்மோனிக்கும் லைன் வழியே அதற்குள் பாயும். டிரைவ்களை நிறுத்திய நிலையிலும் மின்னழுத்தச் சிதைவை அளந்து, அதையும் சேர்த்தே ஃபில்டரின் மின்னோட்டத் திறனைக் கணக்கிட வேண்டும்.

நம்பிக்கை: டிரைவ் பேனலில் தெரியும் சதவீதமே அபராதத்துக்கு அடிப்படை.

உண்மை: வரம்பு, ஆலையும் மின்வாரியமும் சந்திக்கும் பொது இணைப்புப் புள்ளிக்கு உரியது. ஐ.இ.இ.இ. 519 தரத்தின் 2014 பதிப்பு, 11 கே.வி. இணைப்பில் மொத்த மின்னழுத்தச் சிதைவு 5%, தனி ஹார்மோனிக் 3% எனச் சொல்கிறது. மின்னோட்டச் சிதைவை அது உச்சத் தேவை மின்னோட்டத்தோடு ஒப்பிடுகிறது. ஆகவே குறைந்த சுமையில் பேனல் காட்டும் பெரிய சதவீதம் தானாக மீறல் ஆகாது. தமிழ்நாட்டின் மின் வழங்கல் விதிகளின்படி, வரம்பை மீறும் உயரழுத்த நுகர்வோர் கட்டணத்தில் 15% இழப்பீடு செலுத்த நேரும்.