சாண், முழம், அடி: பிள்ளைகளுக்கு நீளம் அளக்கக் கற்பித்தல்

அளக்கத் தெரியாதவன் பிறர் சொல்லும் அளவை நம்பியே வாழ வேண்டியவன். துணி வாங்கும்போதும், பலகை வாங்கும்போதும், காணி எழுதும்போதும் இது உண்மை. ஏழைக் குடும்பங்கள் ஏமாறும் இடங்களில் அளவும் ஒன்று. ஆகவே நீளம் அளப்பதைக் கணித பாடத்தின் ஒரு சிறு அலகாக மட்டும் நாம் கருதலாகாது.

இலங்கைப் பாடசாலைகளில் மீற்றரும் சென்ரிமீற்றரும் கற்பிக்கப்படுகின்றன. 1970களில் தொடங்கிய மாற்றம் இது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டமும் மெற்றிக் முறையையே அடிப்படையாகக் கொண்டது. ஆனால் வகுப்பறையை விட்டு வெளியே வந்தால் வேறோர் உலகம். வெள்ளவத்தையில் மாடிவீடு சதுர அடியில் விற்கப்படுகிறது. காணி பேர்ச் கணக்கில் பேசப்படுகிறது. கொட்டாஞ்சேனையில் மரவேலை செய்பவர் அடியும் அங்குலமும் சொல்கிறார். பூக்காரர் முழம் போடுகிறார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய பெற்றோர் ஊர்க்காணியைப் பரப்பில் நினைவு வைத்திருக்கிறார்கள். இவ்விரு உலகங்களுக்கும் இடையில் பிள்ளைக்கு ஒரு பாலம் தேவை. மாலை நேர வகுப்புகளையும் சிறுவர் கழகங்களையும் நடத்துவோர் அதை அமைத்துக் கொடுக்கலாம். கயிறு, தடி, சுண்ணக்கட்டி இருந்தாலே போதும்.

1. உடலே முதல் அளவுகோல்

சிறு பிள்ளைகளிடம் முதலில் அடிமட்டத்தைக் கொடுக்காதீர்கள். கையை விரிக்கச் சொல்லுங்கள். பெருவிரல் நுனியிலிருந்து சிறுவிரல் நுனி வரை ஒரு சாண். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் ஒரு பாகம். 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம், 4 முழம் ஒரு பாகம் என்பது மரபு வாய்பாடு. முகத்துவாரத்தில் கடற்றொழில் செய்வோரின் பிள்ளைகளுக்குப் பாகம் என்ற சொல் புதிதாக இராது. கடலின் ஆழத்தை அவர்களுடைய பெரியவர்கள் பாகத்தில்தான் சொல்வார்கள்.

இனி ஒரு சோதனை. எண்சாண் உடம்பு என்கிறோமே, அது உண்மையா? பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி உயரத்தைக் குறித்து, அதே பிள்ளையின் சாணால் அளக்கச் செய்யுங்கள். பெரும்பாலும் எட்டை ஒட்டியே வரும். பிறகு நீட்டிய கைகளை அளந்து உயரத்தோடு ஒப்பிடட்டும். எட்டுச் சாண், நான்கு முழம், ஒரு பாகம், தன் உயரம் ஆகிய நான்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். நம் முன்னோர் சொல்லிவைத்த வாய்பாடு அதன் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

சிங்களப் பிள்ளைகளும் வகுப்பில் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். சாணுக்கு வியத, முழத்துக்கு ரியன, பாகத்துக்கு பம்ப என்பார்கள். மொழி வேறு, கை ஒன்றே.

2. பொது அளவு ஏன்?

ஒரே மேசையை ஒரு சிறுமியும் ஓர் ஆசிரியரும் சாணால் அளக்கட்டும். சிறுமிக்கு ஒன்பது, ஆசிரியருக்கு ஏழு என்று வரலாம். எது சரி? பிள்ளைகள் வாதாடட்டும், விடையைச் சொல்ல அவசரப்படாதீர்கள். இருவருமே சரியாகத்தான் அளந்தார்கள், அளவுகோல்தான் இரண்டு என்ற முடிவுக்கு அவர்களே வருவார்கள். பூக்காரரின் கை சிறியதானால் முழமும் சிறுக்கும் என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். பொது அளவின் தேவை அப்போது புரிகிறது.

முழத்தை 18 அங்குலமாக, அதாவது ஒன்றரை அடியாகக் கொள்வது வழக்கம். திருவிவிலியத்தில் நோவாவின் பேழை 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம். அடியில் கணக்கிட்டால் நீளம் 450, அகலம் 75, உயரம் 45. ஞாயிறு வகுப்பில் கேட்ட கதை இங்கே கணக்காகிறது.

3. அடி, அங்குலம், நூல்

12 அங்குலம் ஓர் அடி. 3 அடி ஒரு யார். அங்குலம் என்ற சொல்லுக்கே விரல் என்ற பொருள் உண்டு. இன்று ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர் என நிர்ணயிக்கப்பட்டுள்ளது. மேசன்மாரும் தச்சரும் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் நூல் என்பார்கள். அரை அங்குலம் 4 நூல், கால் அங்குலம் 2 நூல். பின்னம் என்றால் பயப்படும் பிள்ளை நூலை எண்ணப் பயப்படாது. தகப்பன் மேசனாக இருந்தால் அவரையே ஒருநாள் வகுப்புக்கு அழையுங்கள். தன் தகப்பனிடம் ஆசிரியர் பாடம் கேட்பதைக் காணும் பிள்ளை, கல்வியை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கும்.

அடிமட்டத்தில் பிள்ளைகள் வழக்கமாகத் தவறும் இடங்கள் இரண்டு. ஒன்று, பூச்சியத்திலிருந்து தொடங்காமல் 1இலிருந்து தொடங்குவது. மற்றது, இடைவெளிகளை எண்ணாமல் கோடுகளை எண்ணுவது. இதற்கு நல்ல மருந்து உடைந்த அடிமட்டம். முனை உடைந்த மட்டத்தைக் கொடுத்துப் பென்சிலை அளக்கச் சொல்லுங்கள். 3இல் தொடங்கி 11இல் முடிந்தால் நீளம் 8. இதைச் செய்த பிள்ளைக்கு நீளம் என்பது இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரம் என்பது விளங்கிவிடும்.

4. யாரும் மீற்றரும்

ஒரு யார் 91.44 சென்ரிமீற்றர், மீற்றரைவிட ஏறத்தாழ எட்டரைச் சென்ரிமீற்றர் குறைவு. இரண்டு தடிகளை அந்த அளவுகளில் வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். பிறகு கேளுங்கள்: ஒரு கடையில் துணி மீற்றர் 500 ரூபா, மற்றக் கடையில் யார் 460 ரூபா. எது மலிவு? 460 என்று உடனே பதில் வரும். கணக்குப் பார்த்தால் முதற் கடையில் ஒரு யார் துணிக்கு விழும் விலை 457 ரூபா 20 சதம். மீற்றர் கணக்கே மலிவு. விலையைக் கேட்குமுன் அலகைக் கேள் என்பதே பாடம். ஆறு யார் சேலை எத்தனை மீற்றர் என்றும் கண்டுபிடிக்கட்டும். ஐந்தரைக்குச் சற்றுக் குறைவாக வரும்.

5. ஒரு பேர்ச் காணி

பேர்ச் என்ற சொல்லைத் தினமும் கேட்கும் பலர் அதன் பரப்பைக் கண்ணால் கண்டதில்லை. பேர்ச் என்பது முதலில் ஒரு நீள அளவு: பதினாறரை அடி. அந்த நீளத்தைப் பக்கமாகக் கொண்ட சதுரமே காணிப் பேர்ச், 272.25 சதுர அடி. முற்றத்தில் கயிறு பிடித்து அச்சதுரத்தை வரைந்து பிள்ளைகளை உள்ளே நிற்கச் சொல்லுங்கள்.

மூலை சரியாக இருக்க வேண்டும். நான்கு பக்கமும் சமமாக இருந்தாலும் மூலை சாய்ந்தால் பரப்புக் குறைந்துவிடும். நான்கு ஈர்க்குகளை முனைகளில் கட்டிச் சாய்த்துக் காட்டினால் இது தெரியும். மூலையைச் சரிபார்க்க 3, 4, 5 அடிக் கயிறுகளால் முக்கோணம் அமைக்கவும். 3க்கும் 4க்கும் இடைப்பட்ட மூலை செங்கோணம். மேசன்மார் அத்திவாரம் வெட்டும்போது செய்வதும் இதுவே.

பிறகு பெருக்கிப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்துப் பரப்பு ஒன்று 10 பேர்ச். 16 பரப்பு, அதாவது 160 பேர்ச், ஓர் ஏக்கர். வெள்ளவத்தையில் 800 சதுர அடி மாடிவீடு ஏறத்தாழ மூன்று பேர்ச் அளவே. அம்மம்மா சொல்லும் இரண்டு பரப்பு வளவு அதைப்போல் கிட்டத்தட்ட ஏழு மடங்கு. காணாத ஊர் பிள்ளையின் மனதில் இப்போது அளவோடு விரிகிறது.

பழைய அளவுகளைக் கற்பிப்பதால் மெற்றிக் முறை பின்தள்ளப்படாது. ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் அதே நீளத்தைச் சென்ரிமீற்றரிலும் எழுதச் செய்யுங்கள். அளக்குமுன் எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிடவும் பழக்குங்கள். இரு முறைகளையும் அறிந்த பிள்ளை கடையிலும் காணிப் பேச்சிலும் பெற்றோருக்குத் துணையாக நிற்கும். உறுதியில் எழுதியிருப்பதை நிலத்தில் அளந்து பார்க்கும் துணிவு அங்கிருந்துதான் பிறக்கிறது.

கலந்துரையாடலுக்கு:

1. உங்கள் பகுதியில் எந்தெந்தத் தொழில்களில் எந்தெந்த அளவுகள் வழங்குகின்றன? பிள்ளைகளைக் கொண்டு பட்டியல் தயாரியுங்கள்.

2. அளவு தெரியாததால் மக்கள் நட்டமடையும் சந்தர்ப்பங்கள் எவை?

3. உங்கள் வகுப்புக்கு அழைக்கக்கூடிய தச்சர், மேசன், தையற்காரர், கடற்றொழிலாளர் யார்? அவர்களிடம் என்ன கேட்கலாம்?