உங்க முகத்துக்கு யார் மார்க் போடுறது?

முகம் தெரியாதவங்க முன்னாடி செல்ஃபியைப் போட்டு, "10-க்கு எத்தனை குடுப்பீங்க? உண்மையைச் சொல்லுங்க"ன்னு கேட்கிற பழக்கம் புதுசு இல்லை. 2000-லேயே இதுக்குன்னு 'ஹாட் ஆர் நாட்' என்ற தளம் வந்துவிட்டது. தொடங்கினது ரெண்டு இன்ஜினியர்கள். 2003-இல் ஹார்வர்டில் மார்க் சக்கர்பெர்க் செய்த 'ஃபேஸ்மாஷ்' கூட, மாணவர்களின் படங்களை ஜோடியாக வைத்து ஓட்டுக் கேட்டதுதான்.

கேட்கிறதே தப்புன்னு சொல்ல வரலை. "என்னடா இப்படிக் கறுத்துட்ட", "பரு போகவே இல்லையா"ன்னு கல்யாண வீட்டுல இருந்து கிளாஸ் ரூம் வரைக்கும் கேட்டு வளர்ந்தவங்க நாம. நம்மைத் தெரியாத ஒருத்தராவது நடுநிலையா சொல்வாருன்னு தோணுறது இயல்பு. ஆனா அந்த மார்க் உண்மையில் எதை அளக்குது? வெர்னியர் காலிபரில் ஸீரோ எரர் பார்க்காம ரீடிங் எழுதினா லேப்ல விடுவாங்களா? இங்கேயும் அதே கேள்விதான்.

முதல் பிழை: கேமரா தூரம்

ஒரு பொருள் எவ்வளவு பக்கத்தில் இருக்கோ, படத்தில் அவ்வளவு பெருசாத் தெரியும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் தோராயமா 12 செ.மீ. இடைவெளின்னு வெச்சுக்கோங்க. போனை மூக்கிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பிடிச்சா, காது 42 செ.மீ. தூரத்தில் இருக்கும். 42/30 = 1.4. அதாவது காதோட ஒப்பிட்டா மூக்கு 1.4 மடங்கு பெருசாப் பதிவாகும். 150 செ.மீ. தள்ளி எடுத்தா 162/150 = 1.08தான். 2018-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வும் இதையே சொன்னது: 12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கின் அகலம் சுமார் 30% கூடுதலாகத் தெரிகிறது. "மூக்கு பெருசு"ன்னு யாரோ எழுதினா, அதுல பாதி உங்க கை நீளத்தைப் பற்றிய கருத்து!

இரண்டாவது பிழை: கண்ணாடி

தினமும் நீங்க பார்க்கிறது இடம் வலம் மாறின முகம். போட்டோவில் அது நேராகும்போது ஏதோ கோணலா இருக்கிற மாதிரி படும். 1977-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பாலானவர்கள் தங்கள் கண்ணாடி பிம்பத்தை விரும்பினார்கள். அவர்களின் நண்பர்களோ நேரான படத்தை விரும்பினார்கள். எது பழக்கமோ அதுதான் பிடிக்குது.

மூன்றாவது பிழை: எல்லாரும் பார்க்கிறாங்க என்ற கணக்கு

2000-இல் வெளியான கார்னெல் பல்கலைக்கழக ஆய்வில், போட்டுக்கவே கூச்சப்படுற மாதிரி ஒரு பாடகர் படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவங்க இருந்த ரூமுக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேர் கவனிச்சிருப்பாங்கன்னு அவங்க நினைச்சாங்க. கவனிச்சது கிட்டத்தட்ட கால்வாசிப் பேர். உங்க நெத்திப் பருவுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

சரி, என்ன செய்யலாம்?

- போஸ்ட் போடும் முன், "இந்தப் பதிலை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்?"னு கேளுங்க. பருவுக்குத் தோல் டாக்டர் இருக்கார். முடிக்கு சலூன் அண்ணன் இருக்கார். '6/10'-ஐ வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது.
- நல்ல பதில் வந்தாலும் அந்த நிம்மதி ரொம்ப நேரம் நிக்காது. மறுநாள் இன்னொரு படம் போடத் தோணும். அப்படித் தோணுதான்னு கவனிங்க.
- ஏற்கெனவே போட்டுட்டீங்களா? அழிச்சிடுங்க. யாராவது படத்தை மார்ஃப் பண்ணி மிரட்டினா பணம் குடுக்காதீங்க; ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சு, மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலோ காவல் நிலையத்திலோ புகார் குடுங்க.
- தோற்றத்தைப் பற்றிய யோசனையே தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுது, அதனால கிளாஸுக்கோ மெஸ்ஸுக்கோ போகாம இருக்கீங்கன்னா, அதைச் சும்மா விடாதீங்க. 'பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர்'னு ஒரு பிரச்சினை உண்டு, சிகிச்சையும் உண்டு. காலேஜ் கவுன்சிலரைப் பாருங்க. இல்லைன்னா டெலி மானஸ் 14416-க்கு அழைங்க. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

கடைசியா ஒரு சின்ன லேப் எக்ஸ்பெரிமென்ட். ஃப்ரெண்டுகிட்ட போனைக் குடுத்து, பகல் வெளிச்சத்தில், ஐந்தடி தள்ளி நின்னு, பின் கேமராவில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க. உங்க செல்ஃபிக்குப் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. ரீடிங் எவ்வளவு மாறுதுன்னு நீங்களே குறிச்சுக்கோங்க.