வெடித்த நிலத்தில் இறங்கும் மழை



எட்டயபுரம், கோவில்பட்டிச் சீமையில் வானம் பார்த்த கரிசல் காடே பலருக்கும் வாழ்வு. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துவிட்டு மேகத்தை அண்ணாந்து பார்த்திருப்போம். மழை பொய்த்தால் வட்டிக் கடனும் தீப்பெட்டி ஆபீஸ் வேலையுமே கதி. அத்தகைய ஆண்டில், "தினமும் செபமாலை சொல்லியும் நமக்கு ஏன் இந்தக் கஷ்டம்?" என்று வீட்டில் யாராவது கேட்பதுண்டு. அவ்வாறு கேட்பது பாவமன்று. நம் தென்னாட்டுப் புனிதர் ஒருவர் இத்தகைய துன்ப வேளையில்தான் விசுவாசத்தின் வாசலுக்கு வந்தார்.

நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23 அன்று பிறந்தவர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் அதிகாரியாக இருந்தார். அவருக்குப் பயிர்ச்சேதம் வந்தது, கால்நடைகளும் மாண்டன. மனம் ஒடிந்திருந்த அவரிடம் காரணம் கேட்டவர் டிலனாய். இவர் 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டுக் கைதியானவர். பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்தவர். துன்பம் அறிந்த அந்த மனிதர், நண்பருக்கு விவிலியத்திலுள்ள யோபுவின் வரலாற்றைச் சொன்னார்.

யோபு மக்களையும் மந்தையையும் உடல் நலத்தையும் இழந்தார். "நீ பாவம் செய்திருப்பாய்" என்றனர் நண்பர்கள். ஆண்டவரோ அந்த நண்பர்களையே கண்டித்தார். துன்பத்தின் காரணத்தை அவர் யோபுவுக்கு விளக்கவில்லை. ஆனால் யோபுவைக் கைவிடவுமில்லை. நீலகண்டனின் உள்ளத்தில் நம்பிக்கை துளிர்த்தது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஞானஸ்நானத்துக்குப் பின் அவர் வாழ்வு சுகப்படவில்லை. 1749-இல் சிறைப்பட்டார். எருமை மேலேற்றி ஊர் ஊராய் அவமானப்படுத்தினர், அடித்தனர். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றனர். விசுவாசம் லாபத்துக்கான வியாபாரமாயிருந்தால், முதல் அடியிலேயே அவர் அதை விட்டிருப்பார். தேவன் துணையிருக்கிறார் என்பதே அவருக்குப் போதுமாயிருந்தது. கோட்டாற்றில் அடக்கம் செய்யப்பட்ட அவரை, 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார்.

கோடையில் நம் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கிறது. பார்ப்பதற்கு வேதனைதான். ஆயினும் அந்த வெடிப்புகளின் வழியேதான் முதல் மழை ஆழத்துக்கு இறங்குகிறது. துன்பம் நல்லதென்று யாரும் சொல்ல வேண்டாம். துன்பத்தால் பிளந்த உள்ளத்திலும் இறையருள் இறங்கும் என்பதே நம் நம்பிக்கை.

ஆகவே, வீட்டில் வறுமை வந்தால், "கடவுள் தண்டிக்கிறார்" என்று எண்ணாதீர்கள். பிறர் துன்புற்றால் யோபுவின் நண்பர்களைப்போல் குற்றம் தேடாதீர்கள். டிலனாயைப்போல் அருகில் அமர்ந்து, "என்ன வருத்தம்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஒரு புனிதரின் பயணத்தைத் தொடங்கி வைத்தது. காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதாவிடம் செல்லும்போது, இந்த வரத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

சிந்தனைக்கு:

1. கேட்டது கிடைக்காதபோதும் நான் செபிக்கிறேனா?

2. என் வகுப்பில் வாட்டமுற்ற முகத்தோடு இருப்பவள் யார்? இன்று அவளிடம் பேசினேனா?