பழைய வெள்ளிச் சாமான் வாங்குறீங்களா? காந்தம் மட்டும் போதாது

பழைய வெள்ளிக் கிண்ணம் விற்பனைக்கு வருகிறது. எடைக்கு எடை வெள்ளி விலை கேட்கிறார்கள். காந்தம் வைத்துக் காட்டுகிறார்கள், ஒட்டவில்லை. உடனே ஜிபே பண்ணிடாதீங்க! பித்தளை, செம்பு, ஜெர்மன் சில்வர் எதிலுமே காந்தம் ஒட்டாது. ஜெர்மன் சில்வரில் வெள்ளி பேருக்குத்தான். உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம்.

முதலில் கவிழ்த்துப் பாருங்க. அடிப்பாகம், விளிம்பு, கைபடும் இடங்களில் மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் அது முலாம். 'இபிஎன்எஸ்' முத்திரை இருந்தாலும் முலாம்தான். 925, 990 என்ற எண்ணை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். கூடவே பிஐஎஸ் முக்கோணக் குறி இருக்கணும். ஹெச்யூஐடி எண் இருந்தால் 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபார்க்கலாம். ஆனால் வெள்ளிக்கு அது 2025 செப்டம்பரில்தான் வந்தது, பாட்டி காலத்துச் சாமானில் தேடாதீங்க.

அதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. முதலில் கிண்ணத்தை எடை போடுங்க. பிறகு சமையலறை டிஜிட்டல் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்க. கிண்ணத்தை நூலில் கட்டி, எங்கும் இடிக்காமல், காற்றுக் குமிழி இல்லாமல் முழுசா மூழ்க விடுங்க. அதன் எடையைத் தராசு இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால், வெள்ளிக்கு 10 முதல் 10.5 வரை வரும். பித்தளை, ஜெர்மன் சில்வர் 9-ஐத் தொடாது. அதாவது 200 கிராம் கிண்ணத்துக்கு 19, 20 காட்டினால் சரி. 23 என்றால் வேண்டாம்னு சொல்லிடுங்க.

உள்ளே அரக்கு நிரப்பிய குத்துவிளக்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அரக்கு எடைக்கும் வெள்ளி விலை கொடுத்துடாதீங்க. தொகை பெரிசுன்னா, வெள்ளிக்கு பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் சோதித்த பிறகே பணம் கொடுங்க.